நல்ல பழம் ஏன் கடல் தாண்டுவதில்லை?

வெளிநாட்டுக்குப் போன புதிதில் பலருக்கும் நேரும் அனுபவம் இது. கடையில் சிவப்பும் பச்சையுமாக, மேலே ஒரு கீறல்கூட இல்லாத மாம்பழம் அடுக்கியிருக்கும். ஆசையாக வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து அறுத்தால் நார்நாராக வரும். மணம் இருக்காது. இனிப்பு நாக்கில் பட்டும் படாமலும் போகும். மங்குஸ்தான் கிடைத்தால், கத்தி இறங்காத அளவுக்கு ஓடு இறுகியிருக்கும். ரம்புட்டானின் முடியெல்லாம் கருகிக் கிடக்கும். டுரியான் என்றால் உறைபெட்டியில்தான் தேட வேண்டும்.

வாங்க ஆள் இருக்கிறது, விமானம் இருக்கிறது, குளிரூட்டிய கன்டெய்னர் இருக்கிறது. இத்தனை இருந்தும் மரத்தடியில் சாப்பிட்ட அந்தப் பழம் ஏன் வந்து சேரவில்லை? வியாபாரியின் பேராசை என்று சிலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் காரணம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. கனிந்த பழம் தானே விழும் என்பார்கள். மரம் கையை விடும் அந்த நேரத்தில்தான் பழம் முழுச் சுவையில் இருக்கிறது. பயணத்துக்குக் கொஞ்சமும் தாங்காத நிலையும் அதுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கும்.

பறித்த பின்னும் மூச்சு விடும்

பறித்த பழம் செத்துப்போன பொருள் அல்ல. அது ஆக்சிஜனை எடுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. மரத்தில் இருந்தவரை செலவானதை மரம் ஈடுகட்டியது. காம்பை அறுத்த பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். பெட்டி பெட்டியாக நெருக்கி அடுக்கிய பழங்கள் தங்கள் மூச்சாலேயே சூடாகி, அந்தச் சூட்டால் இன்னும் வேகமாக மூச்சுவிட்டு, தம்மைத் தாமே கெடுத்துக்கொள்ளும்.

இந்த மூச்சு எல்லாப் பழத்துக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. 1920களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிளை வைத்து அளந்தபோது, பழுக்கத் தொடங்கும் கட்டத்தில் மூச்சு திடீரென்று உச்சத்துக்கு ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அந்த ஏற்றத்தோடு கைகோத்து வருவது எத்திலீன் என்ற வாயு. பழமே அதைச் சுரக்கிறது என்று 1934-இல் கேன் என்பவர் நிறுவினார். ஒரு பழம் விடும் எத்திலீன் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். மா, வாழை, பப்பாளி, பலா, சப்போட்டா, டுரியான், மங்குஸ்தான் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. முற்றிய காயாகப் பறித்தாலும் பிறகு பழுக்கும்.

லிச்சி, ரம்புட்டான், லாங்கன், அன்னாசி ஆகியவை வேறு கூட்டம். பறித்த நாளன்று என்ன இனிப்போ அதுதான் இனிப்பு. அதன் பிறகு அவை பழுப்பதில்லை, மெல்ல மெல்ல மங்க மட்டுமே செய்யும். லிச்சியின் செந்தோல் காய்ந்தால் ஓரிரு நாளில் பழுப்பேறிவிடும். எட்டாம் நூற்றாண்டில் தாங் வம்சப் பேரரசர் சுவான்சோங், தம் துணைவி யாங் குய்ஃபெய்க்குப் பிடித்த லிச்சியைத் தெற்கிலிருந்து தலைநகர் சாங்ஆனுக்குக் கொண்டுவர அஞ்சல் குதிரைகளை ஓட வைத்தார் என்பது சீனத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. வழியில் குதிரை மாற்றி, ஆள் மாற்றி ஓடினார்கள். இன்றைய விமானச் சரக்கும் ஓடுவது அதே ஓட்டம்தான்.

பழுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவையாவது எளிதில் வந்து சேர வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாங்காய் மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. பறித்த பின் அந்த மாவுச்சத்துதான் சர்க்கரையாக மாறும். முழுதாக முற்றிய காயில் போதிய இருப்பு இருக்கும். ஆனால் முற்றிய காய் சீக்கிரம் பழுத்துவிடும், கப்பல் போய்ச் சேரும்வரை தாங்காது. ஆகவே சில நாள் முன்னதாகவே பறிக்கும் ஆசை வருகிறது. அப்படிப் பறித்த காய்க்கு எத்திலீன் காட்டினால் நிறம் மாறும், தோல் சுருங்கும், சதை மெத்தென்று ஆகும். இனிப்பு மட்டும் வராது, ஏனென்றால் மாற்றுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: வெம்பல். வெளிநாட்டில் நாம் ஏமாந்து வாங்குவதில் பெரும்பகுதி பழுத்த பழமே அல்ல, வெம்பிய காய்.

டுரியானை எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் கண்ணெதிரே தெரியும். தாய்லாந்தில் டுரியானை மரத்திலேயே, முற்றியதும் காம்போடு வெட்டி எடுப்பார்கள். அது பல நாள் தாங்கும், போகிற வழியில் பழுக்கும். அதனால்தான் உலகச் சந்தையில் தாய்லாந்தின் மோன்தோங் வகை அவ்வளவு பரவியிருக்கிறது. மலேசிய வழக்கம் வேறு. பழம் தானாக விழும்வரை காத்திருப்பார்கள், கீழே வலை கட்டியிருப்பார்கள். விழுந்த பழத்தின் மணமும் லேசான கசப்பும் கலந்த செழுமைக்காகத்தான் முசாங் கிங் வகையை அப்படிக் கொண்டாடுகிறார்கள். விழுந்த பிறகு அதற்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். சீனச் சந்தை அத்தனை பக்கத்தில் இருந்தும், மலேசிய டுரியான் அங்கே பல ஆண்டுகள் உறைந்த நிலையில்தான் போனது. முதலில் சுளையாக, பிறகு முழுப் பழமாக. உறையாத புதுப்பழத்துக்கு வழி திறந்தது 2024-இல்தான்.

குளிரும் எதிரிதான்

சரி, பெட்டியை நன்றாகக் குளிர வைத்துவிட்டால்? ஆப்பிளைப் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைக்கிறார்களே?

ஆப்பிள் பனி கண்ட மரத்தின் பிள்ளை. வெப்பமண்டலப் பழத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாழைப்பழம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து மங்கும். மாங்காய்க்கும் எல்லை 10 முதல் 13 டிகிரிக்குள் எங்கேயோ இருக்கிறது, வகையைப் பொறுத்து மாறும். அதற்குக் கீழே போனால் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் இறுகி, கசியத் தொடங்குகிறது. குளிர்க் காயம் என்று இதைச் சொல்லலாம். உறைந்ததால் வரும் சேதம் அல்ல இது. பனிக்கட்டி உருவாகும் வெப்பநிலைக்கு வெகு மேலேயே நடந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், குளிரில் இருக்கும்வரை காயம் வெளியே தெரியாது. பெட்டியைத் திறந்து பார்க்கும் வியாபாரிக்குப் பழம் நன்றாகவே தோன்றும். வெப்பத்துக்கு வந்து ஓரிரு நாள் கழிந்த பிறகு தோலில் புள்ளி விழும், குழி விழும், ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் கட்டையாக நிற்கும், மணம் வராமலே போகும். அந்த நேரத்தில் பழம் நம் வீட்டில் இருக்கும். விற்றவருக்கும் தெரியாமல், வாங்கியவருக்கும் புரியாமல் நடக்கும் இழப்பு இது. நம்மில் பலர் வாங்கிவந்த காயை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகக் கப்பலில் அனுப்பும் மாங்காய்க்கு 12, 13 டிகிரி என்ற குறுகிய வரப்பின்மேல்தான் நடக்க முடியும். அங்கே அது இரண்டு மூன்று வாரம் தாங்கும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் கப்பலுக்கும் பெரும்பாலும் அவ்வளவு நாளாகும். கன்டெய்னருக்குள் ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைக் கூட்டி, பழத்தின் மூச்சை மட்டுப்படுத்தும் முறை உண்டு. எத்திலீன் சொல்லும் செய்தியைப் பழம் கேட்காதபடி காதை அடைக்கும் 1-எம்சிபி என்ற வாயுவும் 1990களில் கண்டுபிடிக்கப்பட்டது. இவை நாளைக் கூட்டுகின்றன, சுவையைக் கூட்டுவதில்லை. விமானத்தில் அனுப்பினால் ஓரிரு நாள்தான் ஆகும், ஆனால் செலவு பல மடங்கு. ஓடுதளத்தில் வெயிலில் காத்திருக்கும் சில மணி நேரமே பாதி வேலையைக் கெடுத்துவிடவும் கூடும்.

மங்குஸ்தானுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தத் தடித்த ஓடு கவசம்போலத் தெரியும், ஆனால் சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலே அடிபட்ட இடம் இறுகிக் கட்டையாகிவிடும். உள்ளே இருக்கும் வெண்சுளை அழுகுவதும் வெளியே தெரியாது. இறுகிய ஓட்டோடு கடையில் நாம் பார்க்கும் மங்குஸ்தான், வழியில் எங்கோ அடிபட்டதை அல்லது வெகுநாள் காய்ந்துபோனதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஈக்காக மூடிய கதவு

இதுவரை சொன்னது இயற்கை. இனி அரசாங்கம். பழம் கெடாமல் போய்ச் சேர்ந்தாலும், துறைமுகத்தில் உள்ளே விட மாட்டார்கள் என்றால் என்ன செய்வது? பல அருமையான பழங்கள் பல நாடுகளில் கிடைக்காததற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் இதைப் பற்றித்தான் மக்களுக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது.

பழ ஈ என்ற பூச்சி, தோலுக்கடியில் முட்டையிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டும், சில நேரம் அதுவும் தெரியாது. உள்ளே புழு வளரும். அப்படி ஒரு பழம் வேறு நாட்டுக்குப் போய், அங்கே ஈ பரவினால், அந்த நாட்டுத் தோட்டங்களே ஆட்டம் காணும். 1929-இல் மத்தியதரைக் கடல் பழ ஈ அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நுழைந்தபோது, சாலைகளில் காவல் போட்டு வண்டிகளைச் சோதித்து, ஏராளமான பழங்களை அழித்து, அடுத்த ஆண்டில்தான் அதை ஒழிக்க முடிந்தது. 1980, 81-இல் அதே ஈ கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது குடியிருப்புகளின் மேலேயே ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தெளித்தார்கள். இப்படி அடிபட்ட நாடுகள் கதவை இறுக்கிச் சாத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கதவைத் திறக்க வேண்டுமானால், புழுவும் முட்டையும் செத்துவிட்டன என்று நிரூபிக்க வேண்டும். பழமும் பிழைக்க வேண்டும், பூச்சியும் சாக வேண்டும். மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் மாங்காயை 46.1 டிகிரி வெந்நீரில், அளவைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமிழ்த்தி வைக்கிறார்கள். ஜப்பான் இந்திய மாம்பழத்தை 2006-இல் மறுபடி அனுமதித்தபோது கேட்டது நீராவி வெப்பச் சிகிச்சை. இப்படி ஒரு மணி நேரம் வெந்நீரில் கிடந்த பழத்தின் மணம் கொஞ்சம் குறையாமல் இருந்தால்தான் வியப்பு.

சில பூச்சிகளை வெந்நீரும் தொடாது. மாங்கொட்டை வண்டு கொட்டைக்கு உள்ளேயே குடியிருக்கும், அங்கே வெப்பம் போய்ச் சேர்வதற்குள் சதை வெந்துவிடும். இதற்குத்தான் கதிர்வீச்சு. 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு பட்டால் பூச்சி செத்தோ மலடாகியோ போகும். பழம் கதிரியக்கம் கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆகாது. வெளிச்சம் பட்ட பொருள் தானே விளக்காகிவிடாதது போலத்தான் இதுவும். ஏறத்தாழ 18 ஆண்டுத் தடைக்குப் பிறகு 2007-இல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான். அப்போது அதற்கான வேலை நடந்த இடம் மகாராஷ்டிரத்தின் லாசல்காவ், வெங்காயம் முளைவிடாமல் தடுப்பதற்காக அமைத்த கதிர்வீச்சு நிலையம். கொங்கண் கடற்கரையில் விளைந்த அல்போன்சா, முதலில் உள்நாட்டில் அங்கே போய்த் திரும்பிய பிறகுதான் விமானம் ஏறியது. அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வரியில் வந்துவிடும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு நிலையம், ஒரு சாலை, சில நாள் தாமதம் எல்லாம் இருக்கின்றன. கதிர்வீச்சு நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருக்கும்வரை பழமும் அந்த அளவில்தான் போகும்.

அனுமதி என்பது பொதுவான ஒன்றும் அல்ல. இந்த நாட்டின் இந்தப் பழம், அந்த நாட்டுக்கு, இந்தச் சிகிச்சையோடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பேச்சு நடத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தாய்லாந்து மங்குஸ்தான் அமெரிக்கச் சந்தைக்குச் சட்டப்படி வந்ததும் 2007-இல்தான். கிடைத்த அனுமதி நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணம் காட்டி இந்திய மாம்பழத்தை நிறுத்தியது, பருவம் முழுவதும் போனது. 2015 தொடக்கத்தில்தான் தடை நீங்கியது.

மங்குஸ்தானைப் புதுப்பழமாகக் கொண்டுவந்து தருபவருக்கு விக்டோரியா மகாராணி பரிசு அறிவித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆவண ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் கதை சாகாமல் இருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. மகாராணியாலேயே பெற முடியவில்லையாம் என்று சொல்லும்போது, கிடைக்காத பழத்தை நினைத்து ஏங்குபவருக்கு ஓர் ஆறுதல்.

தாங்குகிற வகையே வெல்லும்

இத்தனை சோதனைகளையும் கடந்து கடைக்கு வரும் பழம் எதுவாக இருக்கும்? தடித்த தோல், நார் மிகுந்த உறுதியான சதை, நீண்ட ஆயுள், கண்ணைப் பறிக்கும் நிறம். டாமி அட்கின்ஸ் என்ற மாவகை இதற்கு நேரான எடுத்துக்காட்டு. ஃபுளோரிடாவில் தோன்றிய வகை. சுவையில் அதைவிட நல்ல வகைகள் எத்தனையோ உண்டு. ஆனால் அடி தாங்கும், அலமாரியில் நாள்கணக்கில் நிற்கும், நன்றாகச் சிவக்கும். அதனால் மேலைநாட்டுக் கடைகளைப் பல்லாண்டு ஆண்டது அதுதான். அதன் சிவப்பு வெயில்பட்ட தோலின் நிறமே தவிர, பழுத்ததன் அடையாளம் அல்ல. அல்போன்சா போன்ற வகைகளுக்கோ மெல்லிய தோல், குழைந்த சதை. எதற்காக அவற்றைத் தேடுகிறோமோ, அதுவே அவற்றின் பயணத்துக்குத் தடை.

தேடுபவர் செய்யக்கூடியது

முதலில், மாம்பழம் என்று கேட்காமல் வகையின் பெயரையும் விளைந்த நாட்டையும் கேளுங்கள். மெக்சிகோவின் அட்டாவுல்ஃபோ என்ற சிறிய மஞ்சள் வகையில் நார் குறைவு. அது கிடைக்கிற ஊரில் டாமி அட்கின்ஸை வாங்க வேண்டியதில்லை. பருவமும் முக்கியம். இந்திய, பாகிஸ்தான் மாம்பழங்களுக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுவரை. டிசம்பரில் கடையில் இருப்பது பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருக்கும். நிறத்தைப் பார்க்காமல் காம்பைச் சுற்றிப் பாருங்கள். தோள் புடைத்து, காம்பு சற்றே உள்வாங்கியிருந்தால் முற்றிய காய். தோள் சரிந்திருந்தால் வெம்பத்தான் போகிறது. வாங்கியதை வெளியிலேயே பழுக்க வையுங்கள், மணம் வந்த பிறகு குளிரில் வைக்கலாம்.

மங்குஸ்தானின் ஓடு, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், மேலே உள்ள இதழ்கள் பச்சையாக இருக்க வேண்டும். அடியில் பூப்போல இருக்கும் தழும்பின் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். குழந்தைகளிடம் காட்டினால் மகிழ்வார்கள். ரம்புட்டானில் முடி ஈரமாக நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

உறைந்த பழத்தைப் பலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். டுரியானைப் பொறுத்தவரை நான் எதிர்ப்பக்கம். பழுக்காமல் வெட்டி வாரக்கணக்கில் பயணித்த புதுப்பழத்தைவிட, தானாக விழுந்ததை அன்றே உறைய வைத்த சுளை மேல். லிச்சிக்கும் மாங்கூழுக்கும்கூட இதைச் சொல்வேன். சதையின் கட்டு கொஞ்சம் தளரும், மணம் மிஞ்சும்.

பெட்டிக்குள் மறைத்து நாலு பழம் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். பல நாடுகளில் அபராதம் உண்டு என்பது ஒருபுறம். ஃபுளோரிடாவில் அத்தனை தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது, யாரோ எங்கோ கொண்டுவந்த பழத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு புழுதான்.

இன்னொரு வழி, பழம் கடல் தாண்டாமல் மரத்தையே அங்கே கொண்டுபோய் வளர்ப்பது. ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் மலாகா, கிரனாடா பக்கம் மாவும், சீத்தாப்பழத்தின் உறவான செரிமோயாவும் விளைகின்றன. ஐரோப்பிய நகரங்களுக்கு அது லாரிப் பயணத் தூரம்தான் என்பதால் நன்றாக முற்றவிட்டுப் பறிக்க முடிகிறது. மங்குஸ்தான் அப்படி இணங்காது, அதற்குக் குளிர் அறவே ஆகாது. ஜப்பானின் மியாசாகியில் பசுமைக் கூடங்களுக்குள் இர்வின் என்ற செந்நிற மாவை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சிறு வலைப்பை கட்டி, மேலே கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். யாரும் பறிப்பதில்லை. பழம் தானாகக் காம்பை விட்டு வலைக்குள் இறங்கும் நாள்வரை காத்திருந்து, விழுந்த பிறகுதான் எடுக்கிறார்கள்.